வெயில் கோட்டைத் தொட்ட பிறகு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் பழுதாகிவிட்டதால், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற பெண்களை அன்று மூன்றரைக்கே அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, வழக்கமாக ஐந்து மணிக்கு வந்து இறங்கும் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நாலேகாலுக்கே இறங்கினாள். சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்து மகளைத் திடுக்கிட வைக்கலாம் என்று குஷியாக வந்தவள், நிறுத்தத்துக் கம்பத்தில் சாய்ந்து தனியாக நின்ற மகளைப் பார்த்தாள்.

வாலு என்று கூப்பிடப்படும் அந்த ஏழு வயதுக்காரி எல்லாவற்றிலும் படுசுட்டி. கடிகாரம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. பெரிய முள், சின்ன முள் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுவாள். அப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வருவதில்லை; பள்ளி விட்டு வந்தால் அம்மா வரும்வரை அவள் வீட்டில் தனிதான். பள்ளி திறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கு ஜன்னல் வெயில் தரையில் ஊர்வதைப் பார்த்த அம்மாவுக்கு யோசனை உதித்தது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வெயில் எட்டிய இடத்தில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டாள். வெயில் கோட்டைத் தொடும்வரை கதவைத் திறக்கக் கூடாது. தொட்டதும் பூட்டிக்கொண்டு அம்மாவை எதிர்கொள்ளத் தெருமுனைக்கு வரலாம். மேகம் போட்டிருந்தால் வீட்டைவிட்டு நகரவே கூடாது. சலவைக்கூடம் முழுக்க இதைச் சொல்லித் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். அது நாலு மாதத்துக்கு முந்தைய கதை.

"ஏன்டி இப்பவே வந்த? கோட்டத் தொடாம கதவத் தொறக்காதன்னு சொன்னேன்ல?"

"தொட்டுச்சும்மா. அப்புறந்தான் வந்தேன்."

பொய் சொல்லும் முகமில்லை அது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். சூரியன் அதற்குள் எதிர்வரிசை மாடிகளை நோக்கிச் சரிந்திருந்தது. பகல் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. சூரியன் சீக்கிரம் தாழ்ந்தால் வெயிலும் சீக்கிரமே அறைக்குள் நீளும். கோடு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. ஊரெல்லாம் பெருமையடித்தவளுக்கு இது உறைக்கவில்லை. லாரிகள் தடதடக்கும் சாலை, எவனெவனோ சிகரெட்டோடு நிற்கிற முனை. எத்தனை நாளாக?

"தெனமும் இவ்ளோ நேரமா நிக்கிற? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் லேட்டா வர்ற. மொதல்ல உடனே வந்துடுவ. அப்புறம் கொஞ்சம் லேட்டு, அப்புறம் இன்னும் லேட்டு." வாலு செருப்பால் மண்ணைக் கிளறினாள். "இப்படியே போனா ஒருநாள் வராமயே இருந்துடுவியோன்னு நெனச்சேன்."

வீட்டுக்குப் போகலாம் என்று மகளின் கையைப் பிடித்தாள், கால் நகரவில்லை. மகள் தினமும் நின்ற நேரத்தை ஒரு தடவையாவது தானும் நின்று பார்க்க வேண்டும்போலிருந்தது. நின்றாள். புழுதி வந்தது, லாரிகள் வந்தன. ஒருவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். முக்கால் மணி நேரம் இத்தனை நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. வாலுவுக்கு நிற்பது பழகிப்போயிருந்தது.

ஐந்து மணி பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அம்மாவின் விரலை இறுக்கிப் பிடித்தபடியே வாலு நுனிக்காலில் எம்பி, இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.