கன்னி மூலைப் பள்ளம்

சரோஜாவுக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவைக்கத் தெரியாது. திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷமாக ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்செட், கண்ணுக்கு எதிரே சுவர் மாதிரி ஒரு போர்டு. ஊர்க்கதை முழுக்கக் காது வழியாகப் போகும், ஒரு சொல் வாய் வழியாக வரக்கூடாது. அந்தப் போர்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சொந்த வீட்டில் சின்னதாக ஓர் அறை வேண்டும், அதில் மலையைப் பார்த்த ஜன்னல் வேண்டும், ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

கலெக்டர் ஆபீஸ் வந்ததிலிருந்து வேங்கிக்கால் பக்கத்து வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. தொண்ணூற்றேழில் அவளும் கணவர் மூர்த்தியும் அங்கே ஒரு மனை வாங்கினார்கள். மனையின் தென்மேற்கு மூலையில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அங்கேதான் என் அறை என்று சரோஜா காலாலேயே கோடு கிழித்துவிட்டாள்.

ஆனால் அந்த மூலையில் ஒரு பள்ளம் இருந்தது. மழை பெய்தால் மலைப் பக்கத்துத் தண்ணீர் அதைச் சுற்றி முழங்கால் அளவுக்குத் தேங்கும். விடிந்து பார்த்தால் சேறுதான் இருக்கும், தண்ணீர் இருக்காது. தெருவில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சித்தர் குகை இருக்கிறது, தண்ணீர் நேரே மலைக்கடியில் போகிறது என்றார் ஒருவர். மேட்டுக்கு எப்படிங்க தண்ணீர் போகும் என்று சரோஜா கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மூர்த்திக்குக் கதையெல்லாம் வேண்டாம். கூட்டுறவு வங்கியில் கேஷியரான அவர் வாஸ்துவில் ஊறியவர்.

"கன்னி மூலை உசரமா இருக்கணும். அங்க பள்ளம் இருந்தா குடும்பத் தலைவனுக்கு ஆவாது. முதல்ல கிராவல் அடிச்சு மூடிடணும்" என்றார்.

"தலைவர் யாருன்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாங்க" என்றாள் சரோஜா.

கிராவல் அடிப்பதிலும் ஒரு தொல்லை வந்தது. அந்தத் தெருவில் யார் வீடு கட்டினாலும் முன்னால் கட்டியவனைவிட ஓர் அடி உசத்தி மண் கொட்டுவது வழக்கம். அவன் இரண்டடி போட்டால் இவன் மூன்றடி. கடைசியில் முதலில் கட்டியவன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, போன மழையில் ஒருவர் கட்டிலில் தவளையோடு விடிந்து எழுந்தார். பஞ்சாயத்தில் பெரிய சண்டையாகி, புதுசாக ஒரு விதி போட்டார்கள். அதைச் சொல்லத்தான் கிளார்க் இராமலிங்கம் சைக்கிளில் வந்திறங்கினார்.

"மண்ணு கொட்ட வேணாங்கலம்மா. தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போவுதுன்னு பிளான்ல காமிக்கணும். போற வழிய அடைக்கக் கூடாது. காமிச்சாதான் பர்மிஷன்."

"வர்றது மலைப் பக்கத்திலேர்ந்து சார். போறதுதான்..." சரோஜா பள்ளத்தைப் பார்த்தாள். "எங்க போவுதுன்னு தெரியலியே!"

"தெருக் கால்வாய்க்குப் போவுதுன்னு ஒரு கோடு போடுங்க, முடிஞ்சுது" என்றார் மூர்த்தி.

"கால்வா மேல இருக்கே சார். தண்ணி இன்னா ஏணி வச்சு ஏறுமா?" என்று கேட்டுவிட்டு இராமலிங்கம் சைக்கிளைத் திருப்பினார்.

அன்றிலிருந்து சரோஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு நின்றுபோனதே என்ற கவலை ஒரு பங்கு என்றால், எங்கேதான் போகிறது என்ற அரிப்பு மூன்று பங்கு. எக்ஸ்சேஞ்சில் ஒரு லைன் எங்கே போய் முடிகிறது என்று தெரியாவிட்டால் லைன்மேன்கள் ஒரு முனையில் சத்தம் கொடுப்பார்கள்; மறுமுனையில் எங்கே கேட்கிறதோ, அதுதான் அந்த லைன். தண்ணீருக்குச் சத்தம் கொடுக்க முடியாது. நிறம் கொடுக்கலாமே! அடுத்த மழைக்குப் பள்ளம் நிறைந்ததும் ஒரு பொட்டலம் மஞ்சள்தூளை வாளியில் கரைத்து அதில் ஊற்றினாள். பார்த்தவர்கள் மனை பூஜை போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் தெருக் கால்வாய், மூலையில் இருந்த குட்டை, ஏரிக்கரை என்று எல்லா இடமும் சுற்றினாள். எங்கும் மஞ்சள் இல்லை. களைத்துப்போய், தன் மனைக்கு வடக்கே அடுத்திருந்த சர்தார் பாய் வீட்டு வாசலில் நின்றாள். தெருவிலேயே முதலில் கட்டிய வீடு அது. கோடையில் எல்லாக் கிணறும் வற்றினாலும் அவர்கள் வீட்டுக் கொல்லைக் கிணறு மட்டும் வற்றாது. தெருவே அங்கேதான் குடத்தோடு நிற்கும். சர்தார் பாயின் மனைவி அஜ்மத் பேகம் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இத பாருங்க சரோஜாம்மா! வெறும் சோறுதான் வடிச்சேன். மஞ்சளா வந்திருக்கு. மருமவ மெஹ்விஷ் குருமா கரண்டிய போட்டுட்டான்னு திட்டினேன். அது இல்லவே இல்லன்னு அழுவுது. பாய் வெள்ள ஜிப்பாவ ஊற வச்சேன், சோப்பு போட்டதும் செவசெவன்னு ஆயிடுச்சு. இன்னா கிணறோ, இன்னா காலமோ!"

சரோஜா கிண்ணத்துச் சோற்றை முகர்ந்து பார்த்தாள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கும், சோப்பு பட்டாலும் அப்படித்தான். இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அவளுடைய பள்ளத்துத் தண்ணீர்தான் இந்தக் கிணறு. தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கை தட்டத் தோன்றியது. அடுத்த நொடியே மீதியும் புரிந்தது. பள்ளத்தை மூடினால் கிணறு போய்விடும். மூடாவிட்டால் அவள் அறை போய்விடும்.

சொல்லாமல் இருந்துவிடலாம், பிளானில் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது என்று காட்டிவிடலாம். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். கிணறு வற்றினால் காலம் கெட்டுப்போச்சு என்றுதான் சொல்வார்கள், யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. வாசலில் நின்றபடியே மலையைப் பார்த்தாள். அந்த ஜன்னல், அந்த நாற்காலி, எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. உள்ளே மெஹ்விஷ் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ண திட்டாதீங்க பாயம்மா" என்றாள் சரோஜா. "மஞ்சள போட்டது நான்தான்."

அஜ்மத் பேகம் முதலில் முறைத்தாள். விஷயம் முழுக்கக் கேட்டதும் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கொல்லைக் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க எடம், உங்க இஷ்டம்" என்றாள் கடைசியில், மெல்லிய குரலில்.

அதுதான் சரோஜாவைச் சுட்டது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

சரோஜா சொல்லியனுப்பியதும் இராமலிங்கம் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து பள்ளத்தில் கடப்பாரை போட்டார். சேற்றுக்கடியில் கருங்கல் பலகை மூடிய ஒரு தூம்பு, தண்ணீர் போகும் கல் வாய்க்கால். மனையின் மேற்கு ஓரமாகவே வடக்கே நேராகக் கிணற்றைப் பார்த்துப் போனது. வயலாக இருந்த காலத்தில் யாரோ கட்டியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, மஞ்சள் கொட்டப் போய்த் தூம்பு புறப்பட்டது.

மூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "மூடக் கூடாதுன்னா நான் இங்க குடியிருக்க மாட்டேன். கன்னி மூலையில பள்ளத்த வச்சுகிட்டு எவன் தூங்குவான்?"

"அது நம்ம கன்னி மூலையா இருந்தாத்தானங்க?" என்றாள் சரோஜா. "மேக்கால ஓரம் பூரா ஒரு பட்டைய பஞ்சாயத்துக்கு ஓடைன்னு எழுதிக் குடுத்துடுவோம். மீதி எடம் சதுரமாத்தான் இருக்கும். பள்ளம் அவங்களுது, மூலை நம்முது."

மூர்த்தி விரல்விட்டு அளந்து பார்த்தார். வாஸ்துப்படி அப்பழுக்கில்லை. "அப்போ உன் ரூமு?" என்று கேட்டார்.

அன்று டூட்டியில் சரோஜா போர்டைப் பார்த்தபடி, ஹெட்செட்டைக் கழற்றாமலேயே அழுதாள். லைன் கேட்டவர்களுக்கு நம்பர் மட்டும் சரியாகவே போட்டுக்கொடுத்தாள்.

வீடு சின்னதாக எழுந்தது, அவளுக்கென்று தனி அறைக்கு இடம் இல்லை. புது கன்னி மூலையில் மூர்த்தியின் பீரோ வடக்குப் பார்த்து நின்றது, மலை இருக்கும் பக்கம் ஜன்னலே இல்லை. புதுமனை புகுந்த அன்று நிறைகுடத் தண்ணீர் அஜ்மத் பேகம் வீட்டுக் கிணற்றிலிருந்து வந்தது. மெஹ்விஷ்தான் சேந்திக் கொடுத்தாள். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் சரோஜா பின்கதவைத் திறந்து ஓடைப் பட்டையில் போய் நிற்க வேண்டும். காபி டம்ளரோடு தினமும் போய் நின்றாள்.

மறுவருஷம் ஐப்பசியில் விடிய விடியப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அப்படிப் போனவள் பின்வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பள்ளத்தின் வாயருகே மூர்த்தி குந்தி உட்கார்ந்து, அடைத்திருந்த இலையையும் சேற்றையும் கையாலேயே வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, துடைத்து மலையைப் பார்த்துப் போட்டிருந்தது.

"தோஷம் ஒட்டிக்கப் போவுதுங்க!"

"பஞ்சாயத்து எடந்தானே. நமக்கின்னா தோஷம்?" என்றார், திரும்பாமலே.

உட்காரப் போனவள் அவர் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் மஞ்சள்.

"இன்னாங்க இது?"

அவர் கையை வேட்டிக்குள் மறைத்தார். "நீ மட்டும் பாத்தே. தண்ணி போய்ச் சேருறத நான் பாக்கவே இல்லியே. நேத்து சாயந்திரம் கொஞ்சம் ஜாஸ்தியாவே கொட்டிட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வடக்கேயிருந்து அஜ்மத் பேகத்தின் குரல் சுவர் தாண்டி வந்தது. "சரோஜாம்மா! சோறு திரும்பவும் மஞ்சளா வருது!"

மூர்த்தி எழுந்து, சேற்றுக் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"பாய் ஜிப்பாவ ஊற வச்சிடாதீங்க பாயம்மா!"