மாலிஸின் வீட்டுக்காரர்

காலைச் சந்தை பாதி முடிந்திருந்தது. ஊசி விற்கும் கிழவர் ஹுவாங், முழுக்கைச் சட்டைக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். கப்பலில் புதிதாக வந்திறங்கும் சீனர்கள் எல்லாருமே முதல் சில நாட்கள் அப்படித்தான் இருப்பார்கள். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்களைப் போல இடுப்புத் துணியோடு குளத்தில் இறங்கிவிடுவார்கள். நான் கருவாட்டின்மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பாயில் ஒரு பச்சைக் கிண்ணத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த மாலிஸ் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவனுடைய காதுகளையே பார்த்தாள். மேல்நுனி கொஞ்சம் மடங்கிய காதுகள். அவள் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிடும் அவள் வீட்டுக்காரரின் காதுகளும் அப்படித்தான் இருக்கும்.

"வந்துட்டாங்கக்கா" என்றாள் என்னிடம். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

எங்கள் அரசரின் தலைநகரான யசோதரபுரத்துச் சந்தையில் உட்கார்ந்து விற்பது பெண்கள்தான். அதனால் சீனத்திலிருந்து வருகிறவன் முதல் வேலையாக ஒருத்தியைக் கட்டிக்கொள்வான், பாதி ஆசைக்கும் பாதி வியாபாரத்துக்கும். மாலிஸுக்கு லின் வாய்த்ததும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் காற்று திரும்பியதும் கப்பலேறிவிடுவார்கள். லின், கப்பல் கிளம்பும் நாளில் எங்கேயோ ஒளிந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். வென்சோ என்ற ஊர்க்காரர். எங்கள் பேச்சை அவர் பேசினால் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். "என் பொண்டாட்டி ரொம்ப மலிவு" என்பார், மலிவாக விற்கிறாள் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு. மாலிஸ் பானை மூடியை எடுத்து வீசுவாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குக் கடைசிவரை வரவில்லை. பலகையில் குட்டைக்கால் வைத்து ஒரு மேசை செய்தார், அப்புறம் அவளும் அதில்தான் சாப்பிட்டாள். குழந்தைகள் தங்கவில்லை. அந்தத் துக்கத்தையும் இருவரும் பேசிப் பேசியே கடந்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், குளித்துவிட்டுப் படியேறும்போது விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. மழைக்காலம் முடியும் நேரத்தில் பேச்சு திரும்பி வந்தது. ஆனால் எங்கள் பேச்சில் ஒரு சொல் இல்லை. இத்தனை வருஷம் பேசியதெல்லாம் துடைத்து எடுத்ததுபோலப் போய், தாயிடம் கற்ற பேச்சு மட்டும் மிச்சமாக நின்றது. அதில் மாலிஸுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அதுவரை அவசியமே வரவில்லை. சந்தையில் இருந்த சீனர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினாள். ஹுவாங் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "இந்த வென்சோக்காரங்க பேச்சு பேய்க்கே புரியாது தங்கச்சி" என்று எழுந்துவிட்டார். ஒன்றை மட்டும் லின் திரும்பத் திரும்பச் சொல்வார். மாலிஸ் அதைத் தண்ணீர் என்று முடிவு செய்துகொண்டாள். அவர் சொன்னபோதெல்லாம் சிரட்டையில் மொண்டு கொடுத்தாள். அவரும் குடித்தார்.

திரும்பிப் போகிற கப்பல்காரர்களிடம் அவள்தான் சொல்லியனுப்பினாள், லின் வீட்டிலிருந்து யாராவது வரச்சொல்லி. நான் அப்போதே கேட்டேன், வருகிறவர்கள் பேசிவிட்டுப் போவார்களா, கூட்டிக்கொண்டு போவார்களா என்று.

"பேசுனா போதும்க்கா. அவருக்கு என்ன வேணும்னு ஒரு தடவை தெரிஞ்சா, அப்புறம் நான் பாத்துக்குவேன்" என்றாள்.

வந்தவன் மகன். பெயர் லின் ஷௌ. அப்பா போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தானாம். பாயைச் சுருட்டிவிட்டு நாங்கள் நாலு பேரும் அவள் வீட்டு ஏணியில் ஏறினோம். லின் சுவரோரம் படுத்திருந்தார். மகன் எட்டவே மண்டிபோட்டு உட்கார்ந்தான், திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்ததை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல. பிறகு ஏதோ சொன்னான். லின் தலையைத் திருப்பினார். எத்தனையோ மாதமாகச் சும்மா கிடந்த முகம் அசைந்தது. இருவரும் பேசினார்கள். மாலிஸ் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு மாறிமாறிப் பார்த்தாள், கூத்துப் பார்க்கும் குழந்தைபோல.

நடுவில் லின் அந்தச் சொல்லைச் சொன்னார். மாலிஸ் பழக்கத்தில் சிரட்டையை எடுத்துவிட்டாள். மகன் அவளைப் பார்த்தான், சிரட்டையைப் பார்த்தான். ஹுவாங்கிடம் தங்கள் பொதுப்பேச்சில் மெதுவாக ஏதோ சொன்னான். ஹுவாங் மாலிஸ் பக்கம் திரும்பினார்.

"அவர் தண்ணி கேக்கலையாம் தங்கச்சி."

"பின்னே?"

"வீட்டுக்குப் போலாம்னு சொல்றாராம்."

மாலிஸ் சிரட்டையைக் கீழே வைத்தாள், ஒரு சொட்டுச் சிந்தாமல். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், என் மனதிலும் அதுதான் ஓடியது. குளத்தில் குளிப்பாட்டும்போது மட்டும் சொல்லியிருந்தால், இந்த வீட்டைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் இந்தக் கூரைக்குக் கீழே, இந்தப் பாயில் படுத்துக்கொண்டல்லவா சொன்னார்.

அன்றைக்கே ஒன்றும் முடிவாகவில்லை. மகன் பட்டும் கிண்ணங்களும் கொண்டுவந்து வைத்தான், அவள் தொடவில்லை. சந்தைப் பெண்கள் எல்லாரும் விடாதே என்றார்கள். இத்தனை வருஷம் சோறு போட்டவள் நீ, கால் கை விழுந்ததும் உரிமை கொண்டாட வந்துவிட்டார்களா என்றார்கள். நானும் சொன்னேன். ஹுவாங் மட்டும் வேறுமாதிரி பேசினார். இங்கே செத்தால் பாயில் சுருட்டி ஊருக்கு வெளியே பறவைகளுக்குப் போட்டுவிடுவீர்கள், எங்கள் ஆட்களுக்கு அப்பன் பாட்டன் பக்கத்தில் மண் வேண்டும் என்றார்.

"நான் எரிச்சிருப்பேண்ணே. பறவைக்குப் போட்டிருக்க மாட்டேன்" என்றாள் மாலிஸ்.

பிறகு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள்: அவனுடைய அம்மா இருக்கிறாளா? ஹுவாங் கேட்டார். இருக்கிறாள் என்றான். வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லையா? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினான். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளை அவள் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். பச்சைக் கிண்ணங்களைப் போல, கப்பல் வரும் திசையில் எங்கேயோ இருக்கும் ஒன்றாகத்தான் அவள் இருந்தாளாம்.

"கப்பல்ல அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் இருக்கான்னு கேளுங்க. ஒரே பக்கம் கிடந்தா முதுகு புண்ணாயிடும்."

அதுதான் அவள் சொன்ன சம்மதம். ஹுவாங் சொல்லி முடிக்கும் முன்பே மகனுக்குப் புரிந்துவிட்டது. நெற்றி தரையில் பட அவள் காலடியில் விழுந்தான். எங்கள் ஊரில் மனுஷனுக்கு மனுஷன் அப்படி விழுவது அரசர் பல்லக்கு போகும்போதுதான். மாலிஸ் பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

காற்று திரும்பும்வரை அவன் அங்கேயே தங்கினான். சோற்றை எவ்வளவு குழைக்க வேண்டும், இடது கடைவாயில் எப்படி ஊட்ட வேண்டும், தொண்டையில் இறங்கியதா என்று எங்கே விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பேச்சே இல்லாமல், கையைப் பிடித்து வைத்து. அவன் ஒரு சொல் மட்டும் ஹுவாங்கிடம் கேட்டுக் கற்றுக்கொண்டான். "சின்னம்மா" என்று அவன் கோணலாகக் கூப்பிட்டபோது, அப்பாவைப் போலவே இருந்த அந்த உச்சரிப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு ஏணியில் இறங்கிப்போய் வெகுநேரம் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

மழைக்கு முன்பே கிளம்ப வேண்டும். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி லின்னைப் படுக்கவைத்துப் பெரிய ஏரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பருவத்தில் ஏரி சுருங்கிப்போய்க் கிடக்கும். மரங்கள் வேர் தெரிய நிற்கும். கடலில் நிற்கும் கப்பல்வரை கொண்டுபோகும் ஓலைக்கூரை போட்ட படகில் நாலு பேர் தூக்கி அவரை ஏற்றினார்கள். மாலிஸ் தலைக்குக் கீழே துணியைச் சரிசெய்தாள், காதுகளைத் துடைத்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளைத் தெரிந்த பார்வையா என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

படகு நகரவில்லை. தேன்மெழுகையும் ஏலக்காயையும் மூட்டை மூட்டையாக அடைத்திருந்தார்கள். அடிப்பலகை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகோட்டிகள் கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்து, ஒருவரையொருவர் ஏசிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். மகனும் சட்டையோடு குதித்தான். எல்லாரும் சேர்ந்து தள்ளியும் படகு தலையை ஆட்டியதே தவிர நகரவில்லை. உதவிக்குக் கூப்பிட எங்கள் பேச்சு தெரியாமல் மகன் கரையைப் பார்த்தான்.

மாலிஸ் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். நான் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு என்று சேற்றை மிதித்துப் போய்ப் பின்பலகையில் கைகளை ஊன்றித் தோளைக் கொடுத்தாள். கன்னம் மரத்தில் அழுந்தியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். படகோட்டி குரல் கொடுத்ததும் எல்லாரோடும் சேர்ந்து, வாயைத் திறக்காமல் தள்ளினாள்.

படகு சட்டென்று நழுவியது. அவள் முன்னால் விழுந்து எழுந்தாள். ஆண்கள் ஓடி ஓடித் தொற்றி ஏறிக்கொண்டார்கள். வண்டிக்காரன் என் பின்னால் திரும்பிப் போக மாட்டைப் பூட்டலாமா என்று கேட்டான். கலங்கிய தண்ணீரில் சின்ன மீன்கள் மேலே வந்து துள்ளின. கொக்குகள் ஒவ்வொன்றாக அவளைச் சுற்றி இறங்கின. தள்ளிய கைகள் இன்னும் நீட்டியபடியே அவள் நின்றாள். ஒரு கொக்கு கிட்டே வந்து, அவள் விரல்களுக்குக் கீழிருந்தே மீனைக் கொத்திக்கொண்டு போயிற்று.