ஒற்றைக் காது பீங்கான் நாய்

என் கடைக்கு வருகிற சாமான்கள் எல்லாமே ஒரு வீட்டிலிருந்து துரத்தப்பட்டவை. வீடு மாற்றுகிறவர்கள், பாகம் பிரித்துக்கொள்கிறவர்கள், வந்து மூன்று மாதம் ஆவதற்குள் மாமியாரின் ரசனையை மூட்டை கட்டிவிடுகிற மருமகள்கள், எல்லோரும் கொண்டுவந்து என் வாசலில்தான் இறக்குவார்கள். நான் வாங்குவேன். வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாமானைக் கையில் எடுக்க வேண்டும். கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். நாக்கால் 'ப்ச்' என்று ஒரே ஒரு சத்தம். பிறகு கீழே வைக்க வேண்டும், எடுத்த இடத்தில் அல்ல, ஒரு சாண் தள்ளி. விற்க வந்தவனுக்கு இருக்கிற தைரியத்தில் பாதி அந்த ஒரு சாணிலேயே போய்விடும். மீதிப் பாதிக்கு வாய் இருக்கிறது. அப்படியும் படியாமல் கிளம்பினால் போகவிட வேண்டும். ஐந்தடி நடந்த பிறகு கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிடுகிறவன் வியாபாரி இல்லை, சொந்தக்காரன்.

இப்படி நான் வாங்கிப்போட்டதில் விற்காமல் கிடப்பவை ஒரு மூலை நிறைய உண்டு. பின்பக்கச் சுவரோரம் குவித்துவைத்திருப்பேன். பூ உதிர்ந்த கண்ணாடிச் சட்டம், ஓடாத சுவர்க் கடிகாரம், யாரோ பரிசாகக் கொடுத்து யாரும் விரும்பாத பச்சை ஜாடி. இந்த மூலைக்கு ஒரே வாடிக்கையாளர் என் தங்கை.

அவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தவள். படம் வரைந்து யாரும் பாஸாகப் போவதில்லை என்று பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து எட்டு மாதமாக எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து என் குப்பைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

பெயிண்ட் அடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடித்த பிறகு செய்கிற வேலைதான் எனக்கு விளங்கவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்கு முதலில் பழுப்பு நிறம் பூசுவாள். அது காய்ந்ததும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பாள். அதன் மேல் வெள்ளை அடிப்பாள். வெள்ளை காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பாள். மெழுகு பட்ட இடத்தில் வெள்ளை ஒட்டாமல் உதிர்ந்து பழுப்பு எட்டிப் பார்க்கும். பார்க்கிறவனுக்கு நூறு வருஷம் பழைய சட்டம் என்று தோன்றும். பழசை வாங்கிப் புதுசாக்கி, அந்தப் புதுசைத் தேய்த்து மறுபடியும் பழசாக்குகிற தொழிலுக்கு என்ன பேர் வைப்பது என்று நான் கேட்டேன்.

"இதுக்குத்தாண்ணா இப்ப மவுசு," என்றாள், சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப என்னையும் கொஞ்சம் தேச்சு விடு. எனக்கும் மவுசு வரட்டும்."

"உன்னத் தேய்க்க வேண்டியதில்ல. ஏற்கெனவே உதிருது."

என் மனைவிக்கு இந்தப் பெயிண்ட் வாடை ஆகவில்லை. "என்னங்க, நேத்து சோறு தின்னா வார்னிஷ் தின்ன மாதிரி இருந்துச்சு," என்று வாரத்துக்கு நாலு தரம் சொன்னாள். அவளுக்கு அந்த மாடி அறை வேண்டும். தையல் மிஷினைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த அறை மேல் கண். கடைசியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த மாதக் கடைசிக்குள் தங்கைக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தால் அவள் வெளியே ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தொழிலை நடத்தலாம். கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து சித்தப்பாவின் இரும்புக் கடையில் கல்லாவில் உட்காரலாம். உட்காரலாம் என்பது பேச்சுக்குத்தான். சித்தப்பா கடையில் உட்காருகிற உரிமை சித்தப்பாவுக்கு மட்டும். கல்லாவில் இருந்தவர்கள் எல்லோரும் நின்றே கால் வீங்கிப் போனவர்கள். அவர் ஏற்கெனவே ஃபோன் செய்து, "பெயிண்ட் கறை போற வரைக்கும் கை கழுவிட்டு வரச் சொல்லு," என்று சொல்லியிருந்தார்.

பெரிய ஆர்டர் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கத்தான் செய்தது. பன்னிரண்டு அறைகளோடு ஒரு புதுத் தங்கும் விடுதி திறக்கப் போகிற அம்மாள் ஒருவர். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சினிமாக் கொட்டகையின் வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கிற சந்தையில் ஒரு மேஜை போட்டிருந்தாள். விடுதிக்கார அம்மாள் இரண்டு வாரம் தொடர்ந்து அந்த மேஜைக்கு வந்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, அறைக்கு மூன்று சாமான் வீதம் வேண்டியிருக்கும் என்றும் சொல்லி, "யோசிச்சு சொல்றேம்மா" என்று போய்விட்டார்.

"யோசிச்சு சொல்றேன்னா இல்லன்னு அர்த்தம்," என்றேன்.

"தெரியும். நானும் உங்கூடப் பொறந்தவதான். இந்த ஞாயிறும் வருவாங்க. மாசத்துல கடைசி ஞாயிறு." உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "நீயும் வா. ஆனா எனக்கு அண்ணன்னு காட்டிக்காத. மேஜைக்கு அந்தப் பக்கம் சும்மா நில்லு. நாலு பேர் நின்னாத்தான் அஞ்சாவது ஆள் வருவாங்க. வாய மட்டும் தொறக்காத."

அந்தச் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. சோப்பைக் கோணலாக வெட்டி, அதில் காய்ந்த பூவை ஒட்டி, கோணலுக்கும் சேர்த்து விலை போட்டிருந்தான் ஒருவன். அடுத்த மேஜையில் சாக்குத் துணியில் பை. நான் அரிசி கொட்டிவிட்டுத் தூக்கிப்போடுகிற அதே சாக்கு. வாங்குகிறவர்களோ, கடை வீதியில் புளிக்கு அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு இங்கே வந்து சொன்ன விலையைக் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். இந்த ஜனத்தை இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

தங்கையின் மேஜையில் என் மூலையில் பாதி உட்கார்ந்திருந்தது, ஆனால் ஜாதகம் மாறிப்போய். பச்சை ஜாடியைச் சமையல் சோடா கலந்த பெயிண்ட் பூசி மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பானை போல ஆக்கியிருந்தாள். ஓடாத கடிகாரத்தின் சட்டத்தில், பிரஷ்ஷைத் தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் லேசாக ஒற்றி, வெள்ளிப் பூண் போட்டதுபோல் செய்திருந்தாள். நான் நின்ற பக்கத்து ஓரத்தில் அந்த நாய் இருந்தது. பீங்கான் நாய், ஒரு காது கிடையாது. நான்கு வருஷம் என் கடையில் ஒற்றைக் காதோடு உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்த நாய். இனாமாகக் கொடுத்தும் ஒருவர் எடுத்துப்போகவில்லை. தங்கை கேட்டபோது, எடுத்துப்போகிறவளுக்குக் கூலி கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். வாய்தவறி ஒரு விலையைச் சொல்லிவிட்டேன், அவளும் கொடுத்துவிட்டாள். இப்போது அதன் மேல் சாம்பல் நிறக் கல்லின் சொரசொரப்பு. பள்ளங்களில் தண்ணீர் விட்ட பழுப்பை ஓடவிட்டுத் துணியால் துடைத்திருந்தாள். காது போனது உடைந்ததுபோல் இல்லை. காலம் தின்றதுபோல் இருந்தது.

விடுதிக்கார அம்மாள் பதினொரு மணிக்கு வந்தார். கையில் ஒரு குடை, முகத்தில் எதையும் வாங்கப்போவதில்லை என்ற உறுதி. ஜாடியைத் தொட்டார், விட்டார். கடிகாரத்தைத் தொட்டார், விட்டார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அடுத்த வாரம்..."

தங்கையின் கை மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. நகத்தில் வெள்ளைப் பெயிண்ட். அடுத்த வாரம் அந்தக் கை சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். கால் வீங்கிப்போகிற மாதிரி நினைப்பு வந்தது. எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. என்னை அறியாமல் நாயைக் கையில் எடுத்திருந்தேன்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இது எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. தங்கைக்காக அதைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். ஆனால் ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை இந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. கை நாயைக் கவிழ்த்தது. கண் அடியைப் பார்த்தது. நாக்கு 'ப்ச்' என்றது.

"காது ஒண்ணு போயிருக்கே," என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேட்டிலிருந்து விட்ட சைக்கிளுக்கு நடுவில் பிரேக் கிடையாது.

"வெயிட்டும் இல்ல. உள்ள வெறும் கூடு. வால்ல பாருங்க, பூச்சு ஒரு மாதிரி இருக்கு. இத யாரு வாங்குவா? ரூம்ல வச்சா தங்க வந்தவன் ராத்திரி பயந்துக்குவான். ஏதோ ஆசைக்கு வேணா, சும்மா ஒரு மூலைல போட்டு வைக்கலாம். சொல்ற விலைக்கு இல்ல." நாயைக் கீழே வைத்தேன். சரியாக ஒரு சாண் தள்ளி.

அவ்வளவுதான். கூடப் பிறந்தவளை என் கையாலேயே சித்தப்பா கடைக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிட்டேன். தரையைப் பார்த்தேன். தரையிலும் குறை சொல்ல ஏராளமாக இருந்தது.

அம்மாள் குடையை மேஜை மேல் வைத்தார். நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இழுத்தார் என்பதுகூடச் சரியில்லை, அணைத்துக்கொண்டார்.

"இத எனக்கு எடுத்து வச்சிடும்மா. ஜாடியும், அந்தக் கண்ணாடியும். மத்த ரூமுக்கும் இதே மாதிரி பண்ணிக் குடு. பன்னண்டுக்கும். அட்வான்ஸ் இப்பவே தர்றேன்."

"யோசிச்சு சொல்றேன்னீங்களேம்மா," என்றாள் தங்கை. குரல் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு படிக்கிறவள் குரல்போல நிதானமாக இருந்தது.

அம்மாள் குனிந்து ரகசியம் பேசினார். ரகசியம் சோப்புக்காரன் வரைக்கும் கேட்டது. "எங்கப்பா ஜவுளி வியாபாரி. இந்த மாதிரி ஆளுங்கள நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். பிடிக்கலன்னா பாத்துட்டுப் போயிட்டே இருப்பாங்க. நின்னு அடியத் திருப்பிப் பாத்து, நாக்கு கொட்டி, தள்ளி வேற வச்சாரு பாரு. அவரு கடைக்காரர்மா. உங்கிட்ட அடிமாட்டு விலைக்கு மொத்தமா அள்ளிட்டுப் போக வந்திருக்காரு. நீ சின்னப் பொண்ணு, ஏமாந்துடாத."

சின்னப் பொண்ணுக்கு நாற்பது வயது. ஏமாந்துவிட மாட்டேன் என்று அவள் தலையாட்டினாள்.

அம்மாள் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க சார், முந்திட்டேன்," என்றார். பரிதாபப்படுகிற சிரிப்பு. என் வாழ்நாளில் ஒரு பொம்பளையிடம் சரக்கைப் பறிகொடுத்தவன் என்று நான் நின்றது அந்த ஒரு தரம்தான், அதுவும் எனக்கு வேண்டாத சரக்கை.

கூட்டம் கலைந்த பிறகு மேஜைத் துணியை மடிக்கையில் கேட்டேன். "தெரிஞ்சுதான் என்ன வரச்சொன்னியா?"

"வாயத் தொறக்காதன்னுதானே சொன்னேன்."

"அப்படிச் சொன்னா தொறப்பேன்னு தெரியும்."

"உன் கைல ஒரு சாமான் இருந்தா தொறப்பேன்னு தெரியும். நாயத்தான் எடுப்பேன்னும் தெரியும். அதான் உன் பக்கமா வச்சேன்." துணியை நாலாக மடித்துவிட்டாள். "அண்ணா, வால்ல பூச்சு சரியில்லன்னியே, அது நெசமா?"

"நெசந்தான்."

"ம். எனக்கும் தோணுச்சு. இன்னொரு கை அடிச்சுட்டுக் குடுக்கறேன்."

மறுநாள் காலை கடை திறந்ததும் வந்து நின்றாள். சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டாளாம். பேசி முடிக்கும்போது அவர் இருமினாராம். அவரிடமிருந்து அது வாழ்த்துக்குச் சமம். தையல்காரத் தெருவில் ஒரு அறையும் பார்த்தாயிற்று. இனி முப்பத்து மூன்று சாமான் வேண்டும். நேராக என் மூலைக்குப் போனாள்.

மூங்கில் கைப்பிடி போன தட்டு ஒன்றை எடுத்தாள். கவிழ்த்தாள். நாக்கு கொட்டினாள். கீழே வைத்தாள், ஒரு சாண் தள்ளி. அடுத்தது இன்னொரு கண்ணாடிச் சட்டம். அதற்கும் அதே பூஜை. "இதுல கரையான் இருக்கும் போலிருக்கேண்ணா. இந்தத் தட்ட யாரு எடுப்பா?"

நான் கல்லாவுக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி நின்றேன். எட்டு மாதமாக இவள் இப்படியேதான் என்னிடம் வாங்கிப் போயிருக்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும், போகாத சரக்கை இவள் தலையில் கட்டிவிட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

சட்டத்துக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னேன். நேற்று வரைக்கும் சொன்னதைப்போல மூன்று பங்கு. அவள் முகம் மாறவில்லை. குடையை எடுத்துக்கொண்டாள். அவளும் ஒரு குடை வாங்கிவிட்டாள்.

"யோசிச்சு சொல்றேண்ணா," என்று வாசலைப் பார்த்து நடந்தாள். செருப்பின் குதிகாலில் காய்ந்த வெள்ளைப் பெயிண்ட்.

ஓரடி. இரண்டடி.

"ஏய், இரு," என்று கூப்பிட்டுவிட்டேன்.