மங்கைக்கு வராத ஒரு வார்த்தை

மங்கை மேடையை விட்டுப் போன மறுநிமிஷமே திரும்பி வந்துடுவா. அதனாலதான் கரூர்ல அந்த ஜப்பான் நாவலை நாடகமாப் போட முடியாமக் கிடந்துச்சு.

நாவல்ல முதல் பக்கத்துலயே பெண்டாட்டி "நான் போறேன்"னு சொல்லிட்டு வீட்டை விட்டுப் போயிடுவா. மிச்சப் பக்கமெல்லாம் புருஷன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பான். நவீன நாடகத்துக்கு இதைவிட என்ன வேணும்? டைரக்டர் இளம்பரிதி, புருஷனையும் எடுத்துட்டு ஜன்னலை மட்டும் வெச்சுக்கலாமான்னு யோசிச்சவர்தான். ஜன்னல் தனியா நிக்க மாட்டேன்னுடுச்சு.

ஆனா மங்கை வாயில "போறேன்" வராது. வளர்ந்த விதம் அப்படி. "போயிட்டு வரேன்"னுதான் வரும். சொன்னா வந்துதானே ஆகணும்? இவ பெரியப்பா சாகறப்ப வாய் தவறி அப்படித்தான் சொல்லிட்டார். வருஷா வருஷம் தீபாவளிக்கு வந்து எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டுப் போறார். அவருக்கு வேட்டி எடுக்கறதா, திதி கொடுக்கறதான்னு பெரியம்மாவுக்குப் பிடிபடல. போன வருஷம் ரெண்டையும் பண்ணிட்டாங்க. அவரும் ரெண்டுக்கும் உக்காந்து சாப்பிட்டார். சரி, அது கிடக்கட்டும்.

ஒத்திகையில இவ போவா, வருவா. வந்தவ சும்மா இருப்பாளா, ரசம் வெப்பா. புருஷனா நடிச்ச செல்லத்துரை சோகத்துல இளைக்க வேண்டியவன். சட்டைப் பட்டன் போட முடியாம ஊதிட்டான்.

"ஏக்கா, ஒரு தடவை போய்த்தான் தொலையேன். எனக்கு அழுகையே வரமாட்டேங்குது."

"மொதல்ல நீ ரசம் வேணாம்னு சொல்லு."

"அது வேற விஷயம்க்கா."

இளம்பரிதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நாளைக்கு அரங்கேற்றத்துலயும் திரும்பி வந்தீங்கன்னா, உங்க வேஷத்தை இந்த நாற்காலிக்குக் கொடுத்துருவேன்மா. நேத்து நடிச்சுக் காட்டுச்சு. நல்லாவே போகுது."

மங்கை அந்த நாற்காலியை ஒரு முறை முறைச்சா. பத்து வருஷமா அவர் நாடகத்துல மரமாவும் சுவராவும் நின்னவ. வசனம்னு கிடைச்சதே இப்பத்தான். அதையும் நாற்காலிக்கு விட்டுக்கொடுப்பாளா?

மறுநாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "நான் போறேன்"னா. முன்வரிசையில இருந்த அம்மா ஒருத்தங்க, "அப்படிச் சொல்லக்கூடாது கண்ணு"ன்னாங்க. செல்லத்துரைக்குக் கண்ணு நிறைஞ்சுது. கைதட்டல் தெரு வரைக்கும் கேட்டுச்சு. மேடைக்கு வந்து கும்பிடலாம்னு பார்த்தா, கால் திரும்பல. போறேன்னு சொன்ன கால் எப்படித் திரும்பும்? அதுபாட்டுக்கு அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு.

அங்க ஒரு பஸ்ல இருந்து கிமோனோ கட்டின பொம்பளை ஒருத்தங்க இறங்கினாங்க.

"நாடகம் நடக்கற மண்டபம் எங்கம்மா? எங்க வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே இருப்பார்."

"நீங்கதான் போறேன்னு சொல்லிட்டு வந்தவங்களாச்சே?"

"யாரு சொன்னா? எங்க ஊர்லயும் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம். இங்கிலீஷ்ல மாத்தினவங்க பாதியை முழுங்கிட்டாங்க."

மங்கை வழி காட்டினா. செல்லத்துரைக்கு உப்பு கம்மியாப் போடச் சொன்னா. அப்புறம் அவங்க இறங்கின பஸ்லயே ஏறி, ஜன்னலோரமா உக்காந்தா.

"ஜப்பான் ஒண்ணு."

"நேர் வண்டி இல்லம்மா"ன்னார் கண்டக்டர். "சேலத்துல இறங்கி மாறிக்கங்க."