பேசியவர்: பாலகணேஷ்

உஸ்மான் ரோட்டில் இருக்கும் எங்கள் ஜவுளிக்கடையின் நாலாவது மாடியில் புது மீட்டிங் ரூம் வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் கேமரா தானாகத் திரும்பும். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, யார் என்ன சொன்னார்கள் என்று பெரிய திரையில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போகும். கடைசியில் எது யாருடைய யோசனை என்று ஒரு சுருக்கமும் கொடுக்கும்.

முதல் நாளே என் மாமனார் பஞ்சாட்சரம் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடையாறுல தொறக்கப்போற புதுக் கடைய யார்ட்ட குடுக்கதுன்னு நான் சொல்லப்போறதில்ல. யாரு மூளை வேல செய்யுதுன்னு இந்த மிஷினே சொல்லட்டும்."

அந்தக் கடை எனக்கு வேண்டும். இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, வெறியாகவே வேண்டும். இங்கே வியாபாரமாகிக் காசான யோசனைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை. ஆனால் எங்கள் குடும்பத்தில் மருமகள் மாமனாரிடம் நேராக வியாபாரம் பேசுவதில்லை. திருநெல்வேலியை விட்டு வந்து இவ்வளவு காலமாகியும் அந்த வழக்கம் மட்டும் விட்டபாடில்லை. நான் கணவர் பாலகணேஷின் காதில் சொல்வேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சபைக்குச் சொல்வார். "எம்மவன் கெட்டிக்காரன்" என்பார் மாமா.

அன்றும் அப்படித்தான் காதில் சொன்னேன். அந்த மிஷினுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியுமா என்ன? கிசுகிசுப்பையும் பிடித்துவிட்டது.

"தாரணி: அடையாறுல கல்யாணப் பட்டு போகாது, ஆபீசுக்குக் கட்டுற காட்டன்தான் போகும்னு சொல்லுங்க."

அடுத்த வரி: "பாலகணேஷ்: அடையாறுல காட்டன்தான் போகும்."

சுருக்கத்தில், யோசனை: தாரணி. வழிமொழிந்தவர்: பாலகணேஷ். மேனேஜர் ஆனந்தகுமார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயரை என் கல்யாணப் பத்திரிகையில்கூட நான் பார்த்ததில்லை.

"மிஷின்ல கோளாறு. ஆளக் கூப்பிடு" என்றார் மாமா.

தரமணியிலிருந்து சர்வீஸ் ஆள் லாரன்ஸ் வந்தார். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார், கரெக்டாதான் கீது. அது மேடம் வாய்ஸ்தான்."

"கொரலு யாருதா இருந்தா என்ன? பேசுதது எம்மவன். அவன் பேர்ல போடு."

லாரன்ஸ் என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாய்ஸையும் சார் பேர்லயே சேத்துடலாம் சார்" என்றார் லாரன்ஸ். கொஞ்ச நேர வேலைதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்ததும் கணவர் சமாதானம் சொன்னார். "நீயும் நானும் வேறயா தாரணி?"

"வேற இல்லன்னா என் பேர்லயே சேத்திருக்கலாமே."

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஆடி முடிந்ததும் மிஷின் தீர்ப்புச் சொன்னது. அதிக யோசனைகள் பாலகணேஷுடையவை. எல்லாரும் கை தட்டினார்கள், அடையாறு அவருக்குப் போனது. நானும் தட்டினேன், தட்டாவிட்டால் அதையும் ஒரு பேச்சாக்குவார்கள்.

மாமா மகனைக் கேட்டார்: "பட்டு வேண்டாம்னு சொல்லிட்ட. சரி, கல்யாண சீசன்ல அங்க யாவாரத்துக்கு என்ன செய்யப்போற?"

கணவர் வழக்கம்போல என் பக்கம் சாய்ந்தார். எனக்குப் பதில் தெரியும். அடையாறு கிடைத்தால் செய்ய வேண்டும் என்று எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். காதில் அல்ல, சத்தமாகவே.

கேமரா என் முகத்துக்குத் திரும்பியது. திரையில் என் முகம், அதன் கீழே எழுத்து: "பாலகணேஷ்: எனக்குத் தெரியாது."

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை நிதானமாக வாசித்தார். கோபப்படவே இல்லை. என் பக்கம் திரும்பாமல் மகனிடம் சொன்னார்:

"பரவால்லலே. வீட்டுக்குப் போயி அவட்ட கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்லு."