ஒன்பதுக்கு ஒன்று

பட்டறை சூப்பர்வைசர் மலர்வளையத்தை அண்ணனின் சவப்பெட்டியின்மேல் சாய்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். “பதினெட்டு வருஷம். ஒருநாள் லீவு போட்டதில்ல. மாடா உழைச்ச மனுஷன்.”

“கேட்டாரு,” என்றாள் தங்கை. “முந்தாநாள் நெஞ்சு வலிக்குதுன்னு கேட்டாரு. ஆள் இல்ல, சாயங்காலம் வரைக்கும் சமாளின்னு சொன்னது நீங்கதானே?”

கூடத்தில் இருந்தவர்கள் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி தலை நிமிரவில்லை. நாத்தனாரை அடக்கவும் இல்லை.

சாயங்காலம் வரை சமாளித்தார் அண்ணன். லேத்தை அணைத்துவிட்டுத்தான் விழுந்தார்.

அண்ணனின் போன் அடித்தது. தங்கை எடுத்தாள். பேஸ்பால் லீக் நடத்துபவர்.

அண்ணனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அது. கம்ப்யூட்டரில் கற்பனை வீரர்களை வைத்து அணி நடத்தும் விளையாட்டு. அடிபட்ட வீரனையும் அதில் களமிறக்கலாம். ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், அவன் ஒரேயடியாக முடங்கினாலும் முடங்கலாம். எல்லோரும் இறக்கினார்கள். அண்ணன் மாட்டார். பிசியோதெரபிஸ்டான தங்கைக்குப் போன் போட்டு, “முழங்கை தசைநார் இழுத்துக்கிட்டா எத்தனை வாரம்?” என்று கேட்பார்.

“அது நெசக் கையா அண்ணா?” என்று சிரிப்பாள்.

“வலின்னு போட்டிருக்கே. அப்புறம் எப்படி இறக்குறது?”

ஐந்து வருடமாகக் கடைசி இடம். இந்த வருடம் எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது அணி.

“மூணு மணிக்கு மேட்ச். தள்ளி வைக்கட்டுமாம்மா?”

“வேணாம். நான் பாத்துக்கறேன்.”

“பந்து வீசற மெயின் பிட்சருக்கு முழங்கை வலி. ஆனா இறக்கலாம். அண்ணனுக்காக ஜெயிச்சிடலாமே?”

தங்கை உள்ளறைக்குப் போய்க் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். முழங்கைக்காரனின் பெயரைக் காயப்பட்டியலில் சேர்த்தாள்.

“அவன் உக்காரட்டும்.”

“தோத்துடுவீங்கம்மா.”

“தோக்கறோம். எங்க அண்ணன் டீம்ல வலிக்குதுன்னு சொன்னவன் வேலைக்குப் போகமாட்டான்.”

கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். சூப்பர்வைசர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறினார். யாரும் வழியனுப்ப எழவில்லை.

ஆட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது.

“என்னாச்சு?” கூடத்திலிருந்து அண்ணியின் குரல். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“தோத்துட்டோம் அண்ணி. ஒம்பதுக்கு ஒண்ணு.”

பிறகு அண்ணி கதவருகே வந்து நின்றாள்.

“அந்த ஒண்ணு யாரு எடுத்தது?”

தங்கை நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து பெயரைத் தேடினார்கள். வாசலில் வண்டிக்காரர் என்ஜினை அணைத்தார்.