சோதனைக்கு எடுத்த பெயர்கள்

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அவள் சோதனையை ஓட விட்டாள். திரையில் பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மெயில்கள் அனுப்பப்பட்டன என்று வந்தது. ஆனால் அவை வந்து விழ வேண்டிய பெட்டி காலியாகவே இருந்தது.

அந்த மென்பொருள் நிறுவனத்தில் அவள் ஒன்பது வருடமாக டெஸ்டர். மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை. எதைக் கொடுத்தாலும் ஏதாவது நொட்டை சொல்வாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'நொட்டை அக்கா' என்றே பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது கையில் இருந்தது ஒரு டயாலிசிஸ் மையத்தின் இணையதளம். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை அங்கே போய், நான்கு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார்கள். தங்கள் முறை எந்த நாள், எந்த நேரம் என்பதை அவர்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளத்தான் இந்தத் தளம். நோயாளிகளுக்குக் கடவுச்சொல் நினைவிருக்காது என்று மையத்தின் மருத்துவர் சொன்னதால், கடவுச்சொல்லே வேண்டாத முறையை வைத்திருந்தார்கள். மெயில் முகவரியைக் கொடுத்தால் ஒரு லிங்க் வரும். அதைத் தொட்டால் உள்ளே போய்விடலாம்.

சோதனை நடக்கும்போது இந்த மெயில்கள் வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் வழியிலேயே மறித்து ஒரே பெட்டியில் போட ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் 'பொறி' என்பார்கள். பொறி இருக்கிற தைரியத்தில்தான் போன வியாழக்கிழமை மேலாளர் ஒரு காரியம் செய்திருந்தார். சோதனைக்காக இருநூறு கற்பனை ஆட்களை உருவாக்க இரண்டு நாள் வேண்டும் என்று அவள் கேட்டபோது, மையம் கொடுத்திருந்த உண்மையான நோயாளிகளின் பட்டியலையே நகல் எடுத்துப் போடச் சொன்னார். பெயர், வயது, தொழில், மெயில், கைபேசி எண், வீட்டு முகவரி, முறை நாள் எல்லாம் அதில் இருந்தன. அவளுக்கு மனசு உறுத்தியது. ஒரு வார்த்தை சொல்லியும் பார்த்தாள். புதன்கிழமை மருத்துவருக்குத் தளத்தைக் காட்டியாக வேண்டும், நாள் இல்லை என்றார் அவர். அவளும் விட்டுவிட்டாள்.

பெட்டி காலியாக இருந்ததால் மறுபடியும் ஓட விட்டாள். மூன்றாவது முறையும் ஓட விட்டாள். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரான புரோகிராமர் டீக் கோப்பையோடு வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தார். கோப்பையை அப்படியே மேஜையில் வைத்தார்.

"அக்கா, நிறுத்துங்க. பொறியை நான்தான் அணைச்சு வச்சேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மெயில் கைபேசியில் எப்படித் தெரிகிறது என்று தன் முகவரிக்கே ஒன்று அனுப்பிப் பார்ப்பதற்காகப் பொறியை அணைத்திருக்கிறார். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அவசரத்தில் திரும்பப் போட மறந்துவிட்டார். மூன்று தடவையும் லிங்க்குகள் உண்மையான மனிதர்களின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

மெயில் போனது மட்டுமென்றால் தலையில் அடித்துக்கொண்டு போய்விடலாம். நாள் மாறினால் தளம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, எல்லோருடைய முறையையும் அவள் இரண்டு நாள் தள்ளி வைத்திருந்தாள். செவ்வாய் வர வேண்டியவர்களுக்கு அது வியாழன் என்று காட்டும். மருத்துவருக்குக் காட்டுவதற்காகச் சோதனைத் தளம் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருந்தது. புதுத் தளம் வரப்போகிறது, மெயிலில் லிங்க் வரும் என்று மையத்திலும் நோயாளிகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சந்தேகப்பட அவர்களுக்குக் காரணமே இல்லை.

பதினொரு மணிக்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் மூன்று லிங்க்கில் எதைத் தொடுவது என்று கேட்டிருந்தார். இன்னொருவர் வெறுமனே நன்றி என்று எழுதியிருந்தார். ஒரு பெண்ணின் பதில் கொஞ்சம் நீளம்.

'லிங்க் திறந்தது. என் முறை செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாறியிருப்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடை தைத்துக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நாளை வர வேண்டாம் என்பது எனக்கும் வசதிதான். வியாழன் வருகிறேன்.'

அவள் பட்டியலில் தேடினாள். நாற்பத்தொரு வயது, தையல்காரி, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் முறை. வியாழன்தான் போவாள் என்றால் நடுவில் ஆறு நாள்.

இருவரும் மேலாளரின் அறைக்குப் போனார்கள். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. கீழே வேலை செய்யும் யாருக்காவது வீட்டில் முடியவில்லை என்றால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் போன வருடம் ஒரு பெரிய வேலை கைநழுவிப் போய் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவந்தது. அந்த நான்கு பேரிடமும் அவர்தான் சொன்னார். அந்தப் பயம் இன்னும் அவர் கண்ணில் இருந்தது. மையத்துக்குத் தெரிந்தால் இந்த வேலையும் போய்விடும், யாரும் யாருக்கும் போன் செய்யக் கூடாது என்றார். நோயாளிகளுக்கு ஒரு மெயில் போதும் என்று அவரே உட்கார்ந்து ஒற்றை வரி எழுதினார். 'முந்தைய தகவலைப் பொருட்படுத்த வேண்டாம்.' அவ்வளவுதான்.

வேறு நாளாக இருந்தால் எந்தத் தகவல் என்று கேட்டிருப்பாள் நொட்டை அக்கா. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வரி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போனது.

சாயங்காலம் வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் கணவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். கேட்டுக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டவர், பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இந்த நோயாளிகளுக்குச் சிறுநீர் சரியாகப் போகாது, குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும், ஒரு முறை தவறினால் அது நுரையீரலில் ஏறிவிடும் என்று விளக்கினார்.

"நீ ஒரு போன் பண்ணிடு. வேலை போனா வேற பாத்துக்கலாம்," என்றார்.

அவள் தையல்காரியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. அந்தப் பக்கம் யாரும் எடுக்காததில் தனக்குள் ஒரு நிம்மதி வந்ததை அவள் கவனித்தாள். அதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் இரண்டாவது முறை அழுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பியவள், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி மையத்துக்கு நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. ஏழில்தான் ஆள் இருந்தார்கள். மீதி ஐந்தின் விரிப்பும் கசங்காமல் இருந்தது. ஒரு நர்ஸ் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் போன் செய்துகொண்டிருந்தாள். ஏன் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள், தங்கள் உடம்பு மேலேயே அக்கறை இல்லையா என்று யாரிடமோ சலித்துக்கொண்டாள்.

அதைக் கேட்டதும் நொட்டை அக்காவால் தாங்க முடியவில்லை.

"அவங்க மேல தப்பு இல்ல சிஸ்டர். வரவேண்டாம்னு நாங்கதான் சொல்லிட்டோம்," என்றாள்.

ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நர்ஸ் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. ஐந்து பெயர்களையும் படித்தாள். நான்கு பேர் போனை எடுத்து, உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார்கள். தையல்காரி மட்டும் எடுக்கவில்லை. இந்த ஐந்து பேரில் அவள்தான் ரொம்ப ஆபத்தானவள், நான்கு நாள் இடைவெளிக்கே கால் வீங்கி வருகிறவள் என்றாள் நர்ஸ். வீட்டு முகவரியை நோட்டில் தேடப்போனாள். நொட்டை அக்கா தேடவில்லை. பட்டியலில் எத்தனையோ தடவை பார்த்த முகவரி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

வாடகை வண்டி பிடித்துப் போனாள். ஒரு குறுகிய தெருவில் கீழே கடை, மேலே வீடு. உள்ளே இரண்டு தையல் மெஷின்கள் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஒன்றில் தங்கை. மற்றதில், நீல நிறச் சட்டைகள் குவிந்து கிடந்ததற்கு நடுவே, தையல்காரி. மெஷினை மிதித்த கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். விடிகாலையிலிருந்து உட்கார்ந்த களைப்பு என்றாள் தங்கை.

வந்திருப்பது யார், ஏன் என்று சொன்னபோது தையல்காரிக்கு முதலில் புரியவில்லை.

"அந்த ரெண்டாவது மெயிலையும்... பாத்தேனே. முந்தைய தகவலை விட்டுடுங்கன்னு... போட்டிருந்துச்சு. செவ்வாய்தானே முந்தையது... அதான் விட்டுட்டேன்."

வண்டியில் வரும்போது தையல்காரியின் தலை தங்கையின் தோளில் சாய்ந்திருந்தது. ஒன்பது வருடமாக ஊராரின் வேலையில் ஓட்டை தேடிய தனக்கு, அந்த ஒற்றை வரியில் இருந்த ஓட்டை மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று அவள் யோசித்தாள். தெரியாமல் போகவில்லை. பார்க்க விரும்பவில்லை.

மையத்தில் கட்டில் தயாராக இருந்தது. ஆக்ஸிஜன் வைத்து இயந்திரத்தில் இணைத்தார்கள். இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் தீவிர சிகிச்சைக்குத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று மருத்துவர் தங்கையிடம் சொன்னார். பிறகு மேலாளரை வரச் சொல்லிப் போன் செய்தார்.

மேலாளர் புரோகிராமரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மருத்துவரின் அறையில் உட்கார்ந்து, சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று ஆரம்பித்தார். நொட்டை அக்கா குறுக்கிட்டாள்.

"கோளாறு இல்ல டாக்டர். பொறி அணைஞ்சது மறதி. நிஜ ஆளுங்க பேரை எடுத்துப் போட்டது சோம்பேறித்தனம். நேத்தே உங்ககிட்ட சொல்லாதது பயம். மூணுலயும் எனக்குப் பங்கு இருக்கு."

புரோகிராமர், அணைத்தது தான்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மேலாளர் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்காரியின் வீங்கிய பாதம் போர்வைக்கு வெளியே தெரிந்தது. கடைசியில், அந்த ஒற்றை வரியை எழுதியது தான் என்றும், அதைத் தெளிவாக எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்றே அப்படி எழுதியதாகவும் ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் வேலையை ரத்து செய்யவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். மூவரும் அங்கேயே உட்கார்ந்து மீதி நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பட்டியலின் நகல்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அத்தனையும் அன்றே அழிக்கப்பட வேண்டும். போன் செய்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சிலர் திட்டினார்கள். சிலருக்கு என்னவென்றே விளங்கவில்லை. ஒரு பெரியவர் தன் பெயரை இன்னும் யார் யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டார்.

நிறுவனத்தில் மூவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலாளரின் பதவி உயர்வு நின்றது. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து இருநூறு கற்பனை மனிதர்களை உருவாக்கினாள். அவர்கள் எல்லோருக்கும் உலகத்தில் இல்லாத முகவரிகள். பொறியை அணைக்க இனி இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று விதியும் வந்தது. முன்பே செய்திருக்கக்கூடிய வேலைதான். மொத்தம் இரண்டே நாள்.

தளம் வெளியாவதற்கு முன், உண்மையான நோயாளிகள் சிலர் சம்மதித்தால் அவர்களைக் கொண்டு கடைசியாக ஒரு சோதனை செய்யலாம் என்று மருத்துவர் அனுமதித்தார். ஒரு வெள்ளிக்கிழமை, அவள் மையத்துக்குப் போய்த் தையல்காரியின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறோம், எந்தெந்த விவரம் தேவைப்படும், முடிந்ததும் அதை எப்போது அழிப்போம் என்று விளக்கிச் சொன்னாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், அதனால் சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது என்றாள். பிறகு, உங்கள் பெயரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

தையல்காரி ஊசி குத்தாத கையால் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எடுத்துக்குங்க. கேட்டீங்கல்ல, அது போதும். நான் சட்டைக்கு அளவு எடுக்கும்போதுகூட, கையைத் தூக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் டேப்பை வைப்பேன். சொல்லாம கொள்ளாம ஒருத்தர் உடம்பத் தொட முடியுமா? பேரும் நம்பரும் அப்படித்தான்மா. ஆஸ்பத்திரியை நம்பிக் குடுத்ததை, நம்மளக் கேக்காம யாரும் எடுக்கக் கூடாது. சோதனைக்குன்னாலும் எடுக்கக் கூடாது."